ஆறோ ஏழோ

எங்கள் கோயிலில் அது ஆறாம் கட்டளை.
இரண்டு தெரு தள்ளி, பாப்டிஸ்ட்காரர்களுக்கு ஏழாவது.
மோல்மேனில் மழை பிடித்தால் இரண்டு கூரையும் ஒழுகும்.
எண் எதுவானாலும் வரி ஒன்றுதான்.
செய்யாதே என்பதோடு முடிந்துவிடும்.

செய்யாமல் இருந்த பதினோரு வருஷம்
நான் என்ன செய்தேன் என்று
அதில் ஒரு சொல் கிடையாது.
நான் சொல்கிறேன்.

விடிகாலை மூன்றரைக்கு மாவு கரைத்தேன்.
ஆற்றங்கரைச் சந்தையில் ஆப்பம் சுட்டேன்.
மூன்று வருஷம் மேசோட்டிலிருந்து பணம் வந்தது,
பிறகு குரல் மட்டும்.
பிறகு ஒருநாள் சயாம் பாஷையில் ஒருத்தி
மறுபடி மறுபடி ஏதோ சொன்னாள்.
அவள்தான் இவள் என்று நினைத்து
நன்றாகத் திட்டிவிட்டேன்.
நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறாள் என்று
பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான்.

எண்ணெய்க்கடை கோ சோ லின், பெண்சாதி இறந்தவர்,
டின்னைத் தூக்கித் தந்தவர்
கையை எடுக்க மறந்தார்.
நானும் மறந்தேன்.
ஒரு டின் எண்ணெய் கனக்கத் தொடங்கும் நேரம்,
அவ்வளவுதான்.
மறுநாளிலிருந்து தூரத்துக் கடை,
வீசைக்கு இருநூறு கியாட் கூடுதல்.
ஊர் என்னிடம் மெச்சுகிற அந்தப் பெரிய சொல்லை
இருநூறு இருநூறாகக் கட்டினேன்.

தபசுக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை
மியாவடி பஸ்ஸிலிருந்து ராயப்பன் இறங்கினார்,
ஒரு பை, நரைத்த மீசை.
தையல் ஆலையில் அவர் பேர் கோ டுன்னாம்.
செய்தது கோ டுன் என்பதுபோலவே பேசினார்.
இரண்டு பேரும் ஒரே செருப்பில்தான் நின்றார்கள்.

"சாமியாரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்,
மன்னிப்புக் கொடுத்துவிட்டார்" என்றார்.
அவருக்கா மோதிரம் போட்டாய் என்றேன்.

அந்த ஞாயிறு வாசகம்,
கல்லும் கையுமாய் ஒரு பெண்ணை இழுத்து வந்த கதை.
கூட வந்திருக்க வேண்டிய ஆண் எங்கே என்று
வருஷா வருஷம் மனதுக்குள் கேட்பேன்.
இந்த முறை கேட்கவில்லை.
பெஞ்சின் மறு ஓரத்தில்
சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

ஆண்டவர் குனிந்து தரையில் விரலால் எழுதினாரே,
என்னவென்று யாரும் குறித்து வைக்கவில்லை.
தினம் கடை மூடிச் சுண்ணாம்புக்கட்டியால்
கணக்குப் போடுகிறவள் நான்.
எனக்கென்னவோ அவரும்
கூட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அன்று ராத்திரி, சோற்றின் முன்னால்,
"ஒரு பையன் இருக்கிறான்" என்றார்.
எத்தனை வயது என்றேன்.
"ஆறோ ஏழோ இருக்கும்."

அப்போதுதான் கோபம் வந்தது.
பதினோரு வருஷமும் வராத கோபம்,
அந்தப் பெண் பேரைக் கேட்டும் வராத கோபம்.
ஆறா? ஏழா?
தட்டு தானாகத்தான் சுவரில் போய் விழுந்தது.

விசாரி.
பிறந்த தேதி, பள்ளிக்கூடம், செருப்பு அளவு.
மாதம் பிறந்தால் பணம் போக வேண்டும்,
குரல் இல்லை, பணம்.
ஒரு மாதம் தவறினாலும்
அன்றைக்கு இந்தக் கதவு சாத்தும்.
எனக்குச் செய்த சத்தியத்தை உடைத்தாய்,
அவனுக்கு எந்தச் சத்தியமும் செய்யவில்லை,
அதனாலேயே காப்பாற்று.

மன்னித்துவிட்டாயா என்று மாமியார் கேட்கிறாள்.
தெரியவில்லை.
அவருக்குத் தனிக் கொசுவலை.
ஆப்பக்கடைக்கு அடுப்பு மூட்டுகிறார்,
புகை விடாமல் மூட்ட இன்னும் வரவில்லை.
முதல் மாதம் பணம் போய்விட்டது.
சீட்டைப் பார்த்தேன். இரண்டு தடவை.

நேற்றுப் பூசையில்
ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்றார் சாமியார்.
கை கூப்பினேன். அவரும் கூப்பினார்.
தொடவில்லை.
பெஞ்சில் எங்களுக்கு நடுவே இடம் இருந்தது,
ஒரு பெரிய ஆளுக்குப் போதாது,
ஆறு வயதுக்குப் போதும்.
ஏழுக்கும்.